மழையில் மூழ்கிய ஜெனரேட்டரும், அதே ரேக்கில் இருந்த ‘வெளியூர்’ பேக்கப்பும்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒன்பது பேரை வைத்து ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் 64 மெடிக்கல் ஷாப்களுக்கு எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர்தான். எங்களுக்குச் சொந்தமான இரண்டு சர்வர்களைப் புதுச்சேரியில் ஒரு டேட்டா சென்டரில் வைத்திருந்தோம். மாத வாடகை 18,000 ரூபாய், பேக்கப்புக்குத் தனியாக 2,500. போன மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் ஏறி கரன்ட் போனது. வண்டி நிறுத்தும் தளத்தில் இருந்த ஜெனரேட்டரும் மூழ்கியது. நான்கு நாள் சர்வர் இல்லை. கரன்ட் வந்தபோது ஒரு சர்வரின் டிஸ்குகளும், அதே ரேக்கில் வைத்திருந்த பேக்கப்பும் போய்விட்டிருந்தன. எங்கள் ஆபீஸில் பழைய காப்பி ஒன்று இருந்ததால் 11 நாள் பில்களோடு இழப்பு நின்றது. ‘இயற்கைச் சீற்றம், ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் பேச்சில்லை’ என்கிறார்கள். கோபத்தில் இரண்டு மாத வாடகையை நிறுத்தினேன். இப்போது பாக்கியைக் கட்டாமல் சர்வரை வெளியே விடமாட்டோம் என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? இனி எதைப் பார்த்து இடம் தேடுவது?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பக்கம் மழையைப் பற்றி இருக்கிறது. உடன் அனுப்பிய ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் வழக்கின் பலம் மழையில் இல்லை. இரண்டாம் இணைப்பில் ஐந்தாவது வரியில் இருக்கிறது: ‘தினசரி பேக்கப், வேறு இடத்தில் பாதுகாக்கப்படும், மாதம் ரூ. 2,500.’ அந்தப் பணத்தை மாதா மாதம் வாங்கிக்கொண்டு பேக்கப்பை அதே ரேக்கில் வைத்திருக்கிறார்கள். மழை பெய்யாமல் இருந்திருந்தாலும் இது ஒப்பந்த மீறல்தான்.

ஆனாலும் மழையைச் சொல்லி அவர்கள் தப்ப முடியுமா என்பதைப் பார்த்துவிடுவோம். ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்ற ஷரத்து இருக்கிறது. ‘நியாயமான முன்னெச்சரிக்கை எடுத்தும் தவிர்க்க முடியாத நிகழ்வு’ என்பது அதன் வாசகம். நம் கடற்கரையில் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2015-இல் கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இவ்வளவையும் பார்த்த ஊரில் ஜெனரேட்டரைத் தரையோடு தரையாக வைத்தவர், வெள்ளத்தை எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தில் ஜெனரேட்டர் அறைச் சுவரில் பழைய நீர்க்கறை ஒன்று தெரிகிறது, புதுக் கறைக்கு ஒரு சாண் கீழே. அந்தப் படத்தை எடுத்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். முன்பும் அங்கே தண்ணீர் வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சேவை நின்றால் அவர்களுடைய மொத்தப் பொறுப்பு ஒரு மாத வாடகைக்கு மேல் போகாது என்ற ஷரத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், கூரியர் ரசீதில் 100 டாலர் வரைதான் பொறுப்பு என்று அச்சிட்டிருந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நஷ்டம் அதைவிடப் பல மடங்கு. கையெழுத்திட்டவரை அந்த வரம்பு கட்டும் என்பதுதான் தீர்ப்பு. ஒருதலைப்பட்சமான ஷரத்து என்று வாதிடலாம். ஆனால் இரண்டு வியாபாரிகளுக்கு நடுவில் அந்த வாதம் எளிதில் எடுபடாது. ஆகவே நான்கு நாள் நின்றதற்கு ஒரு மாத வாடகைக்கு மேல் கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

பேக்கப் விஷயம் வேறு. வரம்பு ஷரத்தின் வாசகம் ‘சேவைத் தடை’ என்றுதான் இருக்கிறது. தனிக் கட்டணம் வாங்கிய ஒரு வேலையைச் செய்யாமலே விட்டது சேவைத் தடை ஆகாது என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 73-இன்படி, மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்தையும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். சென்னை லேபில் டிஸ்கை மீட்கக் கொடுத்த 85,000, கடைகளுக்குத் திருப்பித் தந்த சந்தா, பில்களை மறுபடி ஏற்ற ஆள் வைத்த கூலி எல்லாம் ரசீதோடு நிற்கும். நீங்கள் கேட்க நினைக்கும் ‘பெயர் கெட்டதற்கு 10 லட்சம்’ நிற்காது. அதை நோட்டீஸில் சேர்த்தால் மற்றவையும் இளைத்துப்போகும், எடுத்துவிடுங்கள். மெடிக்கல் ஷாப்களுக்காகத்தான் இந்த சர்வர் என்று ஆரம்பத்தில் அவர்களுக்கு எழுதிய மெயில் இருந்தால் தேடி எடுங்கள்.

ஒப்பந்தத்தைக் காட்டி, சம்பவம் நடந்த ஏழு நாளுக்குள் டிக்கெட் (பதிவு செய்த புகார்) போடாவிட்டால் நஷ்டஈட்டு உரிமையே ஒழியும் என்கிறார்களே, அதைப் பொருட்படுத்த வேண்டாம். காலக்கெடு வைத்து உரிமையை அழிக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று அதே சட்டத்தின் பிரிவு 28 சொல்கிறது. ஒப்பந்த மீறலுக்கு வழக்கிட மூன்று வருடம் இருக்கிறது.

நுகர்வோர் ஆணையம் உங்களுக்குப் பொருந்தாது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. ஒன்பது பேருக்குச் சம்பளம் கொடுத்து நடத்தும் நிறுவனம் அதற்குள் வருவது கடினம். அங்கே போய் இரண்டு வருடம் கழித்து ‘இது எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்று கேட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வழி நடுவர் விசாரணை (ஆர்பிட்ரேஷன்). ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, இடம் சென்னை. ஆனால் நடுவரை அவர்களுடைய நிர்வாக இயக்குநரே நியமிப்பார் என்ற வரி செல்லாது. வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் ஒருதலை நியமனம் கூடாது என்றது. 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டம் பிரிவு 21-இன் கீழ் நோட்டீஸ் கொடுத்து, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரை நீங்களே முன்மொழியுங்கள். 30 நாளில் ஒத்துவராவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிரிவு 11 மனு போடலாம்.

அதற்கு முன் சர்வர்கள் கைக்கு வர வேண்டும். எல்லா பாக்கிக்கும் ஈடாக ஒருவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமை, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171-இன்படி வங்கி, தரகு வியாபாரி, துறைமுகக் கிடங்குக்காரர் போன்ற சிலருக்கே உண்டு. மற்றவர்களுக்கு ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நடுவர் சட்டம் பிரிவு 9-இன் கீழ் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஆனாலும் என் யோசனை இது: பிரச்சினை 36,000 ரூபாய். ‘என் உரிமைகளையும் நஷ்டஈட்டுக் கோரிக்கையையும் விட்டுக்கொடுக்காமல் ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று மெயில் போட்டுவிட்டுப் பணத்தைக் கட்டி சர்வரை எடுத்து வாருங்கள். மனு போடும் செலவே அதைத் தாண்டிவிடும், கடைக்காரர்களும் காத்திருக்க மாட்டார்கள். கேட் பாஸில் சீரியல் நம்பர்களை எழுதி வாங்குங்கள். கெட்டுப்போன டிஸ்குகளையும் விடாமல் எடுத்து வாருங்கள். ‘ஸ்கிராப்பில் போட்டுவிடுகிறோம்’ என்றால் சம்மதிக்க வேண்டாம். அதில் யார் எந்த மாத்திரை வாங்கினார் என்பது போன் நம்பரோடு இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு எடுக்காததற்கு அபராதம் 250 கோடி வரை போகலாம். அதன் முக்கியக் கடமைகள் 2027-இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை அசட்டையாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

சர்வர் நின்ற நேரங்களைக் காட்டும் லாக், கடைக்காரர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் 2023 சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுகளுக்கான சான்றிதழ் தேவைப்படும். டேட்டா சென்டரின் ஜெனரேட்டர் லாக் புத்தகத்தை அழிக்கக் கூடாது என்றும் நோட்டீஸில் எழுதுங்கள்.

அடுத்த இடம். வரவேற்பறையையும் கண்ணாடிக் கதவையும் பார்க்க வேண்டாம். நேராக ஜெனரேட்டர் எங்கே என்று கேளுங்கள். எந்தத் தளம், தெரு மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது, வெள்ளத்தில் டீசல் லாரி வர வழி இருக்கிறதா? போன மாதம் முழு லோடில் ஓட்டிப் பார்த்த பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். யு.பி.எஸ். பேட்டரிகளில் ஒட்டிய தேதியைப் படியுங்கள். டயர் 3 (டேட்டா சென்டர் தரநிலை) சான்றிதழ் என்று சுவரில் மாட்டியிருந்தால், அது வரைபடத்துக்குக் கொடுத்ததா, கட்டி முடித்த கட்டடத்துக்குக் கொடுத்ததா என்று பாருங்கள். இரண்டும் வேறு.

சர்வர் 99.9 சதவீத நேரம் ஓடும் என்று உறுதி தந்தால், மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கு கரன்ட் போன நிமிடத்திலிருந்தா, நீங்கள் டிக்கெட் போட்ட நிமிடத்திலிருந்தா என்பதை எழுதி வாங்குங்கள். பொறுப்பு வரம்பு ஒரு வருட வாடகையாவது இருக்கட்டும். தரவு இழப்பும் கடும் அலட்சியமும் அந்த வரம்புக்கு வெளியே என்று சேர்க்கச் சொல்லுங்கள். பாதி இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

பேக்கப் எந்த ஊர், எந்த முகவரி என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். புதுச்சேரி சர்வருக்குக் கடலூர் பேக்கப் போதாது, ஒரே புயல் இரண்டையும் தொடும். 2021 மார்ச்சில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் டேட்டா சென்டர் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பிலிருந்து ஒரு கடையின் பில்களை மீட்டுப் பார்த்து, மீட்க எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள்.

புது ஒப்பந்த வரைவு வந்ததும், 64 கடைகளோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கடைக்காரருக்கு 24 மணி நேரத்தில் சரிசெய்வோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்து, டேட்டா சென்டர் உங்களுக்கு 72 மணி நேரம் என்று எழுதினால், நடுவில் உள்ள 48 மணி நேரமும் உங்கள் கைப்பணம்.