மழையைப் பார்த்துக் கிளம்புங்கள், காரை நிறுத்திவிட்டு நடங்கள்

கேள்வி: நாங்கள் பினாங்கு, புக்கிட் மெர்தாஜாம்வாசிகள். என் அக்கா கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அங்கே போய், வாடகைக் கார் எடுத்துப் பத்து நாள் சுற்றலாம் என்றிருக்கிறோம். மகளுக்கு 10 வயது. மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டை விளையாடி விளையாடி, அதில் வரும் அக்சலாட்டல் என்ற சாலமாண்டர் மேல் உயிராக இருக்கிறாள். பல்லி போல இருக்குமே, அந்தச் சாலமாண்டரில் ஒன்றையாவது காட்டில் பார்த்தே ஆக வேண்டுமாம். குளிர்காலத்தில் அவை ஒளிந்துகொள்ளாதா? எங்கே தேடுவது? கையில் எடுத்துப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் மகளுக்கு நல்ல சேதி. சரியான மாதத்தில்தான் போகிறீர்கள்.

குளிர்காலம் என்றதும் நமக்குப் பனிக்கட்டிதான் நினைவுக்கு வரும். கலிபோர்னியாவின் கடலோரத் தாழ்நிலங்களில் குளிர்காலம் என்றால் மழைக்காலம். கோடையில் அங்கே மாதக்கணக்கில் ஒரு சொட்டு விழாது. மண் வெடித்துப் புல் காய்ந்து கிடக்கும். அப்போது சாலமாண்டர்கள் எலி வளைகளிலும் வேரிடுக்குகளிலும் ஆழமாகப் போய்ப் பதுங்கிவிடும். கோடைதான் அவற்றுக்குப் பஞ்சகாலம். முதல் நல்ல மழை மண்ணை நனைத்த பிறகுதான் மேலே வரும். ஆகவே பனி பார்க்க யோசெமிட்டி, டாஹோ என்று மலையேறும் நாட்களில் சாலமாண்டரை எதிர்பார்க்காதீர்கள். அதற்குச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள ஓக், ரெட்வுட் காடுகள்தான் சரி.

பார்க்கப் பல்லி போல இருந்தாலும் சாலமாண்டர் தவளைக்குத்தான் சொந்தம். செதில் கிடையாது, நகம் கிடையாது, ஈரத் தோல். உலகிலுள்ள சாலமாண்டர் இனங்களில் பாதிக்கு மேல் நுரையீரலே இல்லாதவை. தோலாலும் வாயின் உள்தோலாலும் மூச்சு விடுகின்றன. தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். மழைக்கும் அவற்றுக்கும் உள்ள உறவு அதுதான். நம் மலேசியக் காடுகளில் இவ்வளவு மழை பெய்தும் ஓர் இனம்கூட இல்லை. தாய்லாந்து மலைகள் வரை வந்து நின்றுவிட்டன. இந்தியாவிலும் டார்ஜிலிங், மணிப்பூர் போன்ற வடகிழக்குப் பக்கத்து மலைகளில்தான் உண்டு. தமிழில் இதற்கு ஊர்வழக்குப் பெயர் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது இடம். பெர்க்லி நகருக்கு மேலே டில்டன் பூங்கா இருக்கிறது. அதற்குள் சவுத் பார்க் டிரைவ் என்றொரு சாலை. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அதில் கார்களை விடமாட்டார்கள். நியூட் என்னும் சாலமாண்டர்கள் காட்டிலிருந்து இறங்கி முட்டையிடக் குளத்துக்குப் போகும் வழி அது. அவை நசுங்கக் கூடாது என்பதற்காகவே ஒரு சாலையை ஐந்து மாதம் மூடிவைக்கிறார்கள். நடப்பவர்களுக்குத் தடையில்லை. பிள்ளையோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்கா உண்டு. அதன் ஜப்பானியக் குளத்தில் நியூட்கள் நீந்துவதைக் கரையில் நின்றே பார்க்கலாம்.

நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஜனவரி மாதம், மழை விட்ட காலையில். பாதையில் பழுப்பு இலை ஒன்று கிடப்பதாக நினைத்துத் தாண்டப் போனேன். இலை ஒரு காலைத் தூக்கியது. குந்தி உட்கார்ந்தேன். குருமணலைத் தூவியது போன்ற சொரசொரப்பான முதுகு, மஞ்சள் கண். முன்னங்காலில் நான்கே விரல்கள். பச்சைக் குழந்தை கையை விரிப்பதுபோல் ஒவ்வொரு காலையும் விரித்து ஊன்றி, அடுத்ததை எடுக்கும் முன் கொஞ்சம் யோசித்தது. ஒரு முழப் பாதையைக் கடக்க அதற்கு ஆன நேரத்தில் எனக்குக் கால் மரத்துவிட்டது.

அந்த நிதானத்துக்குக் காரணம் நஞ்சு. நியூட்டின் தோலில் இருப்பது டெட்ரோடோடாக்சின். நம் ஈக்கான் புந்தாலில், அதாவது பேத்தை மீனில் இருக்கும் அதே நஞ்சு. 2023-இல் ஜொகூரில் அந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்ட ஒரு வயதான தம்பதி இறந்தது நினைவிருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1979-இல் ஒருவர் நியூட்டை விழுங்கிச் செத்தார். மிரண்டால் அது தலையையும் வாலையும் மேலே வளைத்து ஆரஞ்சு வயிற்றைக் காட்டும். அதைக் கண்டால் இரண்டடி பின்வாங்குங்கள். தொட்டதால் மட்டும் உயிர் போகாது. ஆனால் தொட்ட கை வாய்க்கோ கண்ணுக்கோ போனால் ஆபத்து.

கையில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நஞ்சு பாதிக் காரணம்தான். கொசு மருந்தும் சன்ஸ்கிரீனும் தடவிய கை, மூச்சு விடும் தோலில் பட்டால் அதற்கு என்ன ஆகும் என்று மகளிடமே கேளுங்கள், புரிந்துகொள்வாள். விழுந்த மரக்கட்டைகளையும் புரட்ட வேண்டாம். பூங்காக்களில் விலங்குகளைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். அடியிலுள்ள ஈரக்கூடு ஒருமுறை கலைந்தால் பழையபடி அமைய வெகுகாலம் ஆகும். மழை நன்றாகப் பெய்திருந்தால் அவையே பாதைக்கு வரும். மண்புழு போல மெலிந்து, நூல் போன்ற கால்களோடு ஒன்று நெளிந்தால் உற்றுப் பாருங்கள், அதுவும் சாலமாண்டர்தான்.

அதனால் முன்கூட்டியே ஊர் ஊராகத் தேதி போட்டுவிடாமல் இரண்டு மூன்று நாட்களைக் காலியாக வையுங்கள். வானிலை அறிக்கையில் மழை தெரிந்ததும், அது பெய்து ஓயும் காலையைச் சாலமாண்டருக்கு ஒதுக்குங்கள். பத்து டிகிரிக்குப் பக்கத்தில் குளிரும், மழைச்சட்டை அவசியம்.

சாலைப் பயணம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். மழை இரவில் அணைக்கட்டு ஓரச் சிறு சாலைகளில் ஓட்டாதீர்கள். லாஸ் காட்டோஸ் ஊருக்கருகே லெக்சிங்டன் நீர்த்தேக்கத்தை ஒட்டிய அல்மா பிரிட்ஜ் சாலையில் ஒவ்வொரு மழைக்காலமும் ஆயிரக்கணக்கான நியூட்கள் டயரில் மாட்டிச் சாகின்றன. ஹெட்லைட் வெளிச்சத்தில் அவை சுள்ளி போலத்தான் தெரியும். பெட்டலுமா பக்கம் சிலேனோ பள்ளத்தாக்கில் தன்னார்வலர்கள் வாளியோடு நின்று அவற்றைச் சாலை கடத்திவிடுகிறார்கள். போதாததற்கு, நமக்கு அங்கே வலப்பக்கம் ஓட்டும் தடுமாற்றமும் இருக்கும்.

கிளம்பும் முன் எல்லோருடைய சப்பாத்தையும் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். 2013-இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை, நெதர்லாந்தின் தீச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டது. அதன் பூர்வீகம் ஆசியா. தாய்லாந்து, வியட்நாம் சாலமாண்டர்களிடமும் இருக்கிறது. அது வட அமெரிக்காவுக்குள் வந்துவிடக்கூடாது என்று 2016-இல் அமெரிக்கா இருநூறுக்கு மேற்பட்ட இனங்களின் இறக்குமதியையே நிறுத்தியது. நம் காட்டுச் சேற்றை அங்கே கொண்டுபோகும் பாவம் நமக்கு வேண்டாம்.

டிசம்பருக்கு முன் ஒரு மழை இரவில் மகளைப் பினாங்குக் கொடிமலை அடிவாரத்து ஓடைக்கரைக்கு அழைத்துப் போங்கள். தவளைகள் நிறைய இருக்கும். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில் பிடிக்கவும், குந்தி உட்கார்ந்து அசையாமல் பார்க்கவும் அங்கேயே பழகிக்கொள்ளட்டும்.