கிழங்கை உரித்து வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 61 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறோம். பொங்கலுக்கு இரண்டு மகன்களும் மகளும் குடும்பத்தோடு வருவார்கள். மூன்று நாளும் நான் அடுப்படியிலேயே கிடப்பேன். அவர்கள் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு, ஆளுக்கொரு செல்போனோடு போய்விடுகிறார்கள். இந்த வருஷம் ஹோட்டலில் சொல்லிவிடலாமா என்று மூத்தவன் கேட்கிறான். எனக்கு மனசே இல்லை. என்ன செய்ய?

பதில்: அக்கா, ஹோட்டல் வேண்டாம். ஆனால் மகன்மேல் வருத்தப்படாதீர்கள். நீங்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான். அவர்கள் எழுந்து வருவதற்குள் எல்லா வேலையையும் நீங்களே முடித்துவிடுகிறீர்கள். அப்புறம் சாப்பிட்டு எழுந்து போவதைத் தவிர அவர்களுக்கு என்ன இருக்கிறது?

இந்த முறை சிறுகிழங்கை மட்டும் உரிக்காமல் வையுங்கள். மண்ணோடு இரண்டு கிலோ வாங்கித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். மூத்தவனிடம் ஒரு சாக்கைக் கொடுங்கள். கிழங்கை அதற்குள் போட்டு, வாயைக் கட்டி, முற்றத்துத் தரையில் வைத்துப் புரட்டிப் புரட்டித் தேய்க்கட்டும். தோல் முக்கால்வாசி கழன்றுவிடும். கணுவிலும் குழியிலும் ஒட்டியிருப்பதை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும், முன்கூட்டியே கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கையோடு யாரும் செல்போனைத் தொடமாட்டார்கள். எங்கள் ஆச்சி கல்யாணமாகி வந்த கதையை நான் முதன்முதலில் கேட்டது, இப்படிக் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான்.

மறுநாள் விருந்தே வேண்டாம், கூட்டாஞ்சோறு போதும். அரிசி, துவரம்பருப்பு, முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், அவரைக்காய், கை நிறைய முருங்கைக்கீரை. மாங்காய் கிடைக்காவிட்டால் புளி. காய் நறுக்க ஒருவர், கீரை உருவ ஒருவர், தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் அரைக்க ஒருவர். ஒரே பானை, கூடவே கல்லிடைக்குறிச்சி அப்பளம். ஆற்றங்கரைக்கு எடுத்துப் போனாலும் ருசி குறையாது.

பேத்திகள் இருந்தால் சிறுவீட்டுப் பொங்கலை விட்டுவிடாதீர்கள். முற்றத்தில் மண்ணால் வீடு கட்டி, சின்னப் பானையில் அவர்களே பொங்கட்டும். கொஞ்சம் அடிபிடித்தாலும் எல்லோரும் ஒரு வாய் வாங்கிச் சாப்பிடுங்கள்.

மருமகள்கள் தப்பாக நினைப்பார்களோ என்று யோசிப்பீர்கள். அதனால்தான் சாக்கை மகன் கையில் கொடுக்கச் சொன்னேன். மருமகன் சும்மா உட்கார்ந்திருந்தால், அவித்த பனங்கிழங்கை ஒரு தட்டு நிறைய முன்னால் வைத்து, எல்லோருக்கும் நார் உரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அது முடிய எப்படியும் சாயங்காலமாகிவிடும்.