தினம் வேலைக்கு ஓட்டும் பைக்கில் நீண்ட பயணத்துக்கு எந்தப் பை நல்லது?

திருவொற்றியூரிலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் ஓட்டும் அதே பைக்கில் ஏற்காடு போக வேண்டும், பின்சக்கரத்தின் பக்கவாட்டில் மாட்டும் பக்கப் பெட்டியா, பின்சீட்டின் மேல் கட்டும் டெயில் பேக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். டெயில் பேக் வாங்குங்கள்.

காரணம் நம் பக்கத்துச் சாலைதான். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை ஒட்டிப் போகும்போது, ஹேண்டில்பார் நுழைந்தால் வண்டியே நுழையும் என்றுதான் மனம் கணக்குப் போடும். பின்னால் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி மறந்துவிடும். எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒருமுறை அப்படி உரசி, விழாமல் தப்பித்ததே பெரிது. அப்புறம் உப்புக் காற்று. பெட்டி மாட்டும் இரும்புச் சட்டத்தில் பெயின்ட் லேசாக உரிந்தாலே துரு ஏறிவிடும். டெயில் பேக் என்றால் ஊர் திரும்பியதும் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடலாம்.

கட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. டூல்ஸ், தண்ணீர் பாட்டில் போன்ற கனமானவை பையின் அடியில், உங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். பாரம் பின்சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து. வாரின் நுனி தொங்கினால் செயினில் சிக்கும், மடித்துச் செருகிவிடுங்கள். சென்னையைத் தாண்டுவதற்குள் ஒருமுறை நிறுத்தி, வாரை மறுபடி இறுக்குங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும்.

மழை உறை காற்றில் பறக்கும். துணிகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்தால் போதும்.