பல்கலைக்கழக பி.ஆர்.ஓ. வேலை: வேலூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வேலூர் வட்டாரத்து உயர்கல்வி நிறுவனங்களில் மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.) வேலை பார்த்தவள் நான். அந்த வேலை பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து எம்.ஏ. தமிழ் மாணவி: அக்கா, ஜர்னலிசம் படிக்காம பி.ஆர்.ஓ. ஆக முடியுமா? இங்கிலீஷ் சுமாராத்தான் வரும்.

முடியும்மா. வேலை அறிவிப்பில் இதழியல் பட்டம்தான் வேண்டும் என்று போட்டிருந்தால் அதற்கு வழியில்லை. மற்றபடி, பிழையில்லாமல் வேகமாகத் தமிழ் எழுதுகிற ஆளுக்குத்தான் இங்கே பஞ்சம். நம் அறிவிப்பைப் படிப்பது யார் என்று யோசித்துப் பார். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற அம்மா, உங்கள் ஊரில் தறி ஓட்டுகிற அப்பா. அந்த வீட்டில் முதல் பட்டதாரியே அந்தப் பிள்ளையாக இருக்கும். 2002-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நம் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பல்கலைக்கழகம் பக்கத்தில் வந்துவிட்டது, அது பேசுகிற பாஷைதான் இன்னும் வீடுவரை வந்து சேரவில்லை. அதைச் சேர்ப்பதுதான் இந்த வேலை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். படித்துப் புரிந்துகொள்ளுமளவு ஆங்கிலம் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். இன்றைக்கே உன் கல்லூரி சுற்றறிக்கை ஒன்றை எடு. உன் அம்மா கேட்டுவிட்டு மறுகேள்வி கேட்காதபடி ஐந்து வரியில் எழுது. அதுதான் பயிற்சி.

வாணியம்பாடியிலிருந்து உதவிப் பேராசிரியர்: கல்லூரியில் பத்திரிகைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பும் பிரஸ் நோட் எதுவும் பேப்பரில் வருவதில்லை, மேடம். வந்தாலும் இரண்டு வரிதான்.

நீங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்தேன், சார். ஜவ்வாது மலைச் சாமை பற்றிய கருத்தரங்கு. "செயலாளர் தலைமை தாங்க, முதல்வர் முன்னிலை வகிக்க, துறைத் தலைவர் வரவேற்புரை ஆற்ற" என்று தொடங்கி, சாமை என்ற சொல் ஏழாவது வரியில்தான் வருகிறது. பத்திரிகை டெஸ்கில் செய்தியைத் திருத்துகிறவர் ஏழாவது வரிவரை வரமாட்டார். இதையே, "சாமையில் உமி நீக்கும் வேலையைச் சுலபமாக்குவது பற்றி ஜவ்வாது மலை விவசாயிகளோடு வாணியம்பாடி கல்லூரி மாணவர்கள் பேசினார்கள்" என்று ஆரம்பியுங்கள். தலைமை, முன்னிலை எல்லாம் கடைசிப் பத்தியில் இருக்கட்டும். நிர்வாகம் முகம் சுளித்தால், அச்சில் வந்த ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்தது படம். பொன்னாடை போர்த்துகிற படத்தை அனுப்பாதீர்கள். ஒரு விவசாயி கையில் சாமையை அள்ளிக் காட்ட, மாணவிகள் குனிந்து பார்க்கிற படம் ஒன்று போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சுக்கு உதவாமல் போய்விடும். படத்தில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலம், இனிஷியலோடு எழுதுங்கள். செய்தியை யூனிகோடில் அடித்து மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அனுப்பினால் அவர்கள் திரும்ப அடிக்க வேண்டும், நேரமில்லாத நாளில் தூக்கி வைத்துவிடுவார்கள். மாவட்டப் பக்கம் சீக்கிரமே முடிந்துவிடும் என்பதால் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நல்லது. கூப்பிட்டால் எடுக்கிற ஒருவரின் போன் நம்பரும் கீழே இருக்கட்டும்.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: நிருபர்களுக்குப் பணம் வெச்ச கவர் கொடுக்காம செய்தி வருமா?

வரும். கொடுக்காதீர்கள். நேர்மையாக வேலை செய்கிற நிருபருக்கு அது அவமானம். வாங்குகிறவரோ அடுத்த முறை செய்தியே இல்லாமல் கவருக்காக வருவார். தேவையான தகவலைக் கேட்ட நேரத்தில் கொடுங்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

வேலூரிலிருந்து விளம்பரப் பிரிவு ஊழியர்: நிகர்நிலைப் (டீம்ட்) பல்கலைக்கழக விளம்பரத்தில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது?

பெயரில் கவனம். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து, நிகர்நிலை நிறுவனங்கள் தங்கள் பெயரோடு 'யுனிவர்சிட்டி' என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டது. நிகர்நிலை என்பதைத் தெளிவாகக் காட்டுங்கள். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் போட்டால் எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்பதையும் கூடவே போடுங்கள். இன்ஜினியரிங் பிரிவில் வாங்கிய இடத்தை மொத்தப் பல்கலைக்கழகத்தின் இடம் போலக் காட்டினால், நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிற குடும்பத்தை ஏமாற்றுகிறோம்.

காட்பாடியிலிருந்து, புதிதாகச் சேர்ந்த பி.ஆர்.ஓ.: ஹாஸ்டலில் ஒரு மாணவர் இறந்துட்டா என்ன செய்யணும் மேடம்? மேலிடத்துல 'வாயைத் திறக்காதே'ன்னுதான் சொல்வாங்க.

முதலில் பெற்றோர், தம்பி. அவர்களுக்கு நேராக, பொறுப்பான ஒருவர் சொல்லியாயிற்று என்று உறுதி செய்துகொள்ளாமல் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. மகன் இறந்ததை வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிற கொடுமை எந்தத் தகப்பனுக்கும் வேண்டாம்.

மேலிடத்திடம் இதைச் சொல்லுங்கள்: நாம் வாயை மூடினால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனிடம் கேட்பார்கள், அவர் சொல்வது செய்தியாகும். அதனால் மூன்றே விஷயம் எழுதுங்கள். உறுதியாகத் தெரிந்தது என்ன, யார் விசாரிக்கிறார்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. சொன்ன மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும், இல்லை என்று சொல்ல வெளியே வாருங்கள்.

காரணம் சொல்லாதீர்கள். 'அரியர் இருந்தது', 'காதல் பிரச்சினை' என்று ஜாடையாகக்கூடச் சொல்ல வேண்டாம். தற்கொலை என்றால் எப்படி என்ற விவரத்தையும், எழுதி வைத்த கடிதத்தையும் கொடுக்காதீர்கள். மனம் தளர்ந்திருக்கிற வேறு பிள்ளைகள் அதே விடுதியில் இருப்பார்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அறிக்கையின் கீழே போடுங்கள்.

பாலியல் வன்முறைப் புகாராக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். பெயரை மறைத்துவிட்டுத் துறை, ஆண்டு, ஊர் மூன்றையும் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

பேர்ணாம்பட்டிலிருந்து மாணவர்: உருதுலயும் அறிவிப்பு வேணும்னு கேக்கலாமா?

கேளுங்கள். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருதும், சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கும் பேசுகிற வீடுகள் நிறைய. அட்மிஷன் நோட்டீஸாவது அந்த மொழிகளில் வர வேண்டும்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை: மகளோட டிகிரி சர்டிபிகேட் வரல. போன் போட்டா யாரும் எடுக்கறதில்ல. பி.ஆர்.ஓ. கிட்ட கேட்கலாமாம்மா?

தாராளமாகக் கேளுங்கள், ஐயா. சர்டிபிகேட் கொடுப்பது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பிரிவு. ஆனாலும் உங்களை அந்த மேஜைவரை கொண்டு சேர்ப்பது எங்கள் வேலை. பதிவு எண், கல்லூரி, தேர்ச்சி பெற்ற மாதம், வருஷம், பணம் கட்டிய ரசீது நகல் எல்லாம் வைத்து எழுத்தாகக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'சர்டிபிகேட் தாருங்கள்' என்று எழுதாமல், 'என் மகளின் விண்ணப்பம் இப்போது எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது' என்று கேளுங்கள்.

இதைப் படிக்கிற பி.ஆர்.ஓ.க்களுக்கும் ஒன்று. இந்த ஐயா கேட்ட மாதிரிக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் நம் அறிவிப்பில்தான் ஓட்டை. அந்தப் பக்கத்தை அப்படியே பதிவாளரிடம் கொண்டுபோய்க் காட்டி, அறிவிப்பைத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்.