மணாலி–லே பயணத்துக்காகக் கடனை மறுபடி டாப்-அப் செய்யலாமா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். மனைவி வேலைக்குப் போகவில்லை, மகளுக்கு நான்கு வயது. 2022 அக்டோபரில் மவுண்டன் பைக்கும் அதற்கான சாமான்களும் வாங்க 2 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன் (14%, நான்கு வருடம்). 2023-ல் இமாச்சலில் ஒரு பல நாள் ரேஸுக்காக 1.2 லட்சம் டாப்-அப். 2024-ல் ஃபோர்க், சக்கரம் மாற்றவும் ஸ்பிதி போய்வரவும் 1.3 லட்சம் டாப்-அப். இப்போது பாக்கி 2.83 லட்சம், இஎம்ஐ 9,670. வரும் ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே வரை எட்டு நாள் சைக்கிள் பயணம், அக்டோபரில் மறுபடி இமாச்சல் ரேஸ் என்று திட்டம். ஃபுல் சஸ்பென்ஷன் பைக்குக்கு (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ளது), பழையதை எக்ஸ்சேஞ்ச் கொடுத்தது போக 1.35 லட்சம், மணாலி–லே செலவு 65,000, ஆக 2 லட்சம் வேண்டும். இஎம்ஐ 1,600 ரூபாய்தான் கூடும் என்று வங்கியில் டாப்-அப் தருகிறார்கள். மகளுக்காகச் சேர்த்த மியூச்சுவல் ஃபண்டை (மாதம் 5,000 எஸ்ஐபி) அடமானம் வைத்தால் வட்டி குறைவு என்கிறான் நண்பன். எது நல்லது? குடும்பச் செலவு 38,000. சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. தீபாவளி போனஸ் 90,000 வரும். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் பயமாகவே போகிறது.

பதில்: பட்ஜெட் போடத் தெரிந்தவர் நீங்கள். கடிதத்தில் எண்களெல்லாம் தெளிவாக இருக்கின்றன. அதனால் வரவு செலவு எழுதுங்கள் என்றெல்லாம் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. இரண்டில் எதுவும் வேண்டாம். உங்கள் பயத்துக்குக் காரணம் சைக்கிளும் இல்லை, மலையும் இல்லை. வருடா வருடம் அக்டோபரில் கடனைப் புதுப்பிக்கும் அந்தப் பழக்கம்தான்.

டாப்-அப் என்ற பெயரில் நடப்பது இதுதான்: பழைய கடனை மூடிவிட்டு, அதைவிடப் பெரிய கடனை முதல் மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதல் வருட இஎம்ஐயில்தான் வட்டி அதிகம், அசல் குறைவு. அசல் வேகமாகக் குறையத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் மறுபடி முதல் வருடத்துக்கே போய்விடுகிறீர்கள். மூன்று வருடமாக முதல் வருடத்தையே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தோராயமாகப் பார்ப்போம். 2 லட்சத்துக்கு மாதம் சுமார் 5,470. ஒரு வருடத்தில் கட்டியது 65,600, அதில் வட்டி மட்டும் 25,500. பாக்கி 1.6 லட்சத்தோடு 1.2 லட்சம் சேர்ந்து 2.8 லட்சம் ஆனது. இரண்டாம் வருடம் கட்டியது 91,800, வட்டி 35,700. அடுத்து 3.54 லட்சம். மூன்றாம் வருடம் கட்டியது 1.16 லட்சம், வட்டி 45,000. மொத்தம் 2.73 லட்சத்துக்கு மேல் கட்டியும், 2 லட்சத்தில் தொடங்கிய கடன் 2.83 லட்சத்தில் நிற்கிறது. வட்டி 1.06 லட்சம். ஒவ்வொரு முறையும் முழுத் தொகைக்கும் 2% பிராசஸிங் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடித்திருந்தால் இன்னொரு 20,000 போயிருக்கும். உங்களுடைய ஒரு முழு ரேஸ் சீசன் செலவு, ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் கரைந்துவிட்டது.

இப்போது சொல்கிற “1,600 ரூபாய்தான் கூடும்” எப்படி வருகிறது தெரியுமா? 4.83 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு நீட்டினால் இஎம்ஐ சுமார் 11,240. கட்டி முடிக்கும்போது 6.74 லட்சம் கட்டியிருப்பீர்கள், அதில் 1.91 லட்சம் வட்டி. மகள் நான்காம் வகுப்புக்குப் போகும்வரை கட்ட வேண்டும். நடுவில் இன்னொரு அக்டோபர் வராமல் இருக்குமா?

ஃபண்டை அடமானம் வைக்கும் யோசனை இப்போது எல்லா ஆப்பிலும் முன்னால் வந்து நிற்கிறது. வட்டி குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அது ஓவர்டிராஃப்ட் மாதிரி. மாதா மாதம் வட்டி மட்டும் கட்டினால் போதும், அசலைக் கேட்க மாட்டார்கள். அசல் குறையாத கடனில்தான் நீங்கள் ஏற்கெனவே மூன்று வருடம் இருந்துவிட்டீர்கள். சந்தை விழுந்தால் அடமானத்தின் மதிப்பும் குறையும். உடனே பணம் கட்டு, இல்லையென்றால் யூனிட்டை விற்போம் என்பார்கள். அப்போது விற்கப்படுவது உங்கள் மகளின் பணம். அதைத் தொடாதீர்கள்.

சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதை (2025 செப்டம்பர் 22 முதல்) யாராவது காரணமாகச் சொன்னாலும் கணக்கைப் பாருங்கள். சுமார் 2 லட்ச ரூபாய் பைக்கில் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் 13,000 அளவில். அந்த 1.35 லட்சத்துக்கு ஐந்து வருடத்தில் கட்டப்போகும் வட்டி 53,000.

சரி, பைக் உண்மையிலேயே வேண்டுமா? மணாலி–லே பெரும்பாலும் தார் ரோடு. நடுநடுவே ஓடை குறுக்கிடும் இடங்கள், உடைந்த பகுதிகள் உண்டு. நல்ல டயர் போட்ட ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள பைக்) அதற்குத் தாராளமாகப் போதும். நாள் முழுக்க ஏறும் பாதையில் ஃபுல் சஸ்பென்ஷன் கூடுதல் எடை. ரேஸின் கரடுமுரடான இறக்கங்களில் அது உதவும், உண்மைதான். ஆனால் நீங்கள் பரிசுக்காக ஓட்டுபவர் இல்லை, முடிக்க ஓட்டுபவர். முடிக்கவிடாமல் செய்வது பெரும்பாலும் தேய்ந்த செயின், தீர்ந்த பிரேக் பேட், பயணத்தில் வளைந்துபோன டீரெய்லர் ஹேங்கர் (பின்பக்கக் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டு). ஹேங்கர் சில நூறு ரூபாய் சாமான், உங்கள் பைக் மாடலுக்கே உரியதாக இரண்டு வாங்கிப் பையில் போடுங்கள். செயினை நேரத்துக்கு மாற்றினால் கேசட் (பின் சக்கரத்தின் கியர் பல்சக்கரங்கள்) பிழைக்கும். எந்தப் புதுச் சாமானையும் கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்குக் கவலை தருவது அந்த எட்டு நாள். அதில் ஓய்வு நாளே இல்லை. மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம், வழியில் ஏற வேண்டிய தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் தூங்கிவிட்டு மறுநாளே 4,300 மீட்டரில் இருக்கும் சர்ச்சுவில் கூடாரம் போட்டால், தலைவலியும் வாந்தியுமாக ராத்திரி போகும். கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் இதற்கு உதவாது. கீலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ஒரு நாள் ஓய்வு, அப்புறம் ஜிஸ்பாவுக்கும் சர்ச்சுவுக்கும் நடுவில் இருக்கும் பட்சியோ பக்கம் ஒரு ராத்திரி, அதோடு மண்சரிவில் பாதை அடைபட்டால் காத்திருக்க ஒரு நாள். ஆக பதினொரு நாள். ஒதுக்கீடு 65,000 என்பதை 85,000 ஆக்குங்கள். நீங்கள் செலவைக் குறைத்த இடம் இது, கூட்ட வேண்டிய இடமும் இதுதான்.

பதினொரு நாள் என்றதும் லீவு கணக்கு இடிக்கும். அக்டோபர் ரேஸுக்கும் சேர்த்து லீவு போதாமல் சம்பளம் பிடித்தால், ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகும். இந்தச் செலவை உங்கள் பட்டியலில் எங்கும் காணோம். ஒரே வருடத்தில் இரண்டும் வேண்டாம். மணாலி–லே மட்டும் போங்கள், ரேஸை 2027-க்குத் தள்ளுங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. போனஸில் 60,000-ஐக் கடனுக்குப் பார்ட் பேமென்ட்டாகக் கட்டுங்கள். கட்டும்போது இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். பாக்கி 2.23 லட்சம் ஆகும், மீதியிருக்கும் 36 மாதம் சுமார் 27 ஆகக் குறையும். ஒன்பது இஎம்ஐ என்றால் 87,000 ரூபாய். முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி இரண்டு மூன்று ஆயிரம் கட்டணம் பிடித்தாலும் லாபம்தான். போனஸில் மீதி 30,000 பயணத்துக்கு. அதோடு மாதம் 5,500 வீதம் பத்து மாத ஆர்டி போட்டால் 85,000 வந்துவிடும். பத்து மாதப் பணத்தை ஸ்மால்கேப் ஃபண்டில் போட்டுப் பெருக்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள். சம்பளத்தில் மிஞ்சும் மூவாயிரத்துச் சொச்சம் அந்த 40,000-உடன் சேரட்டும். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்தக் கையிருப்பு மிகவும் குறைவு.

பயிற்சிக்குக் கோவையில் இருப்பவர் செலவு செய்யவே வேண்டியதில்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி இருக்கவே இருக்கிறது. சனிக்கிழமை ஏறி, களைப்போடு ஞாயிற்றுக்கிழமையும் ஏறுங்கள். பல நாள் பயணத்துக்கு உடம்பு பழகுவது அந்த இரண்டாம் நாளில்தான். பவர் மீட்டர் (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) வாங்கினால்தான் பயிற்சி என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்காதீர்கள்.

இன்னொன்று, காப்பீடு. சாகச விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்றதால் வரும் சிகிச்சைச் செலவுக்குப் பணம் கிடையாது என்பது மருத்துவ பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு. பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அது பொருந்தக்கூடாது. ஆனால் பந்தயம் என்றால் கேள்வி வரலாம், தனிநபர் விபத்து பாலிசிகளில் வாசகம் இன்னும் கடுமையாக இருக்கலாம். உங்கள் கம்பெனி பாலிசியையும் சேர்த்து, மலைச் சைக்கிள் பயணத்துக்கும் ரேஸுக்கும் தனித்தனியாகக் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள். போனில் சொன்னதை நம்பாதீர்கள்.

வங்கியிலிருந்து வரும் டாப்-அப் அழைப்புகளை நிறுத்த, விளம்பர அழைப்புகளைத் தடுப்பதற்கான 1909 என்ற எண்ணில் பதிவு செய்யுங்கள், ஆப்பில் முன்அனுமதிக் கடன் அறிவிப்பையும் அணைத்துவிடுங்கள். பார்ட் பேமென்ட் கட்டிய பிறகு புது தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இன்னும் 36 மாதம் என்றே இருந்தால், இஎம்ஐயைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே கிளைக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள்.