வீட்டில் மின்காந்தம்: கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை நகரில் தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது என் தொழில். பாடசாலைச் செயற்றிட்டக் காலம் தொடங்கியதும் மின்காந்தம், அதாவது சுற்றிய கம்பியில் மின்சாரம் ஓடும்போது காந்தமாகும் இரும்பு, பற்றிய கேள்விகள் என்னிடம் குவியும். இம்முறை வந்தவற்றுக்கு, கேட்டவரின் ஊரை முன்னால் இட்டு, வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கிண்ணியா, தரம் 9 மாணவி: ஐயா, எவை தேவை? ஆணி போதுமா?

ஆணியும் போதும், தங்கச்சி. ஆனால் 8 மில்லிமீற்றர் தடிப்புள்ள மூன்றங்குல இரும்புப் போல்ற் கிடைத்தால் சுற்றுவது எளிது. 24 கேஜ் (ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்பு) எனாமல் பூசிய செம்புக் கம்பியை நெருக்கமாக 100 முறை, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே திசையில் சுற்றுங்கள். பாதியில் திசையை மாற்றினால் ஒரு பாதி மற்றப் பாதியை அழித்துவிடும். கம்பியின் இரு முனைகளையும் செம்பு பளிச்சென்று தெரியும்வரை மண்கடதாசியால் தேய்க்க வேண்டும். என்னிடம் ‘வேலை செய்யவில்லை’ என்று வரும் பத்தில் எட்டு இந்த எனாமலை நீக்காதவைதான். ஒரு 1.5 வோல்ற்று ரோச் பற்றரி போதும். ஐந்து விநாடிக்கு மேல் இணைத்து வைக்காதீர்கள்; கம்பியும் பற்றரியும் சூடாகும்.

உவர்மலை: சுவர் மின்சாரத்தில் கொடுத்தால் பலம் கூடுமா?

சுவர் மின்சாரத்தில் இணைக்கவே கூடாது. 230 வோல்ற்று ஆளைக் கொல்லும்.

மூதூர்: பலத்தை அளப்பது எப்படி? குண்டூசிகளை எண்ணினோம், ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

வரத்தான் செய்யும். ஊசிகளே காந்தமாகி ஒன்றையொன்று பிடித்துத் தொங்குவதால், அந்த எண்ணிக்கை ஒருபோதும் நிலையாக இராது. தட்டையான சிறு இரும்புத் துண்டொன்றில் யோகட் கோப்பையை நூலால் கட்டி, அத்துண்டைப் போல்ற்றின் தலையில் ஒட்டவிடுங்கள். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் கோப்பைக்குள் தண்ணீரை மெல்ல விடுங்கள். விழும்போது உள்ளே எத்தனை மில்லிலீற்றர் இருந்ததோ அத்தனை கிராம் தண்ணீர். கோப்பையின் எடையையும் துண்டின் எடையையும் அதனுடன் கூட்ட வேண்டும். தண்ணீர் விடும்போது ஐந்து விநாடி போதாது. ஒருவர் விட, மற்றவர் அரை நிமிடத்துக்குள் முடிந்ததா என்று பார்க்கட்டும். போல்ற்றுக்கும் இரும்புத் துண்டுக்கும் இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பாருங்கள்; பிடி எவ்வளவு குறைகிறது என்று வியப்பீர்கள்.

சீனக்குடா: 200 சுற்றுச் சுற்றினேன், பலம் இரட்டிப்பாகவில்லையே?
தம்பலகாமம்: சுற்றுக் கூடினால் பலம் கூடும் என்றுதான் பாடநூல் சொல்கிறது. அவர் சுற்றியதில்தான் பிழை.

இருவருமே பாதி சரி. பலத்தைத் தீர்மானிப்பது சுற்றுகளின் எண்ணிக்கை மட்டுமன்று. அதனை மின்னோட்டத்தின் அம்பியரால் பெருக்கி வருவதே கணக்கு. 100 சுற்றுக்கு ஏறத்தாழ 2.7 மீற்றர் கம்பி பிடிக்கும். அதன் தடை சுமார் 0.2 ஓம். பற்றரிக்குள்ளேயே இருக்கும் தடையை (உள்தடை) 0.5 ஓம் என்று கொண்டால், 1.5 வோல்ற்றை மொத்தம் 0.7 ஓமால் வகுக்க 2.14 அம்பியர் ஓடும், பெருக்கம் 214. 200 சுற்றாக்கினால் கம்பியின் தடையும் இரட்டித்து, மின்னோட்டம் 1.67 அம்பியராகக் குறையும்; பெருக்கம் 333. எத்தனை ஆயிரம் சுற்றினாலும் இதே கம்பியில், இதே பற்றரியில் 750ஐத் தாண்டாது.

தம்பலகாமம்: அப்படியானால் பாடநூல் பொய்யா?

பொய்யில்லை, தம்பி. மின்னோட்டம் மாறாதிருக்கும்போது என்ற நிபந்தனை அதில் உண்டு. அந்த வரியை எல்லோரும் தாண்டிவிடுகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இரும்பு நிரம்பாத வரை, அதாவது அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையை எட்டாத வரை, தூக்கும் எடை பெருக்கத்தின் வர்க்கத்தோடு ஏறக்குறைய வளரும். ஆகவே 214இலிருந்து 333க்குப் போனால் எடை சுமார் 2.4 மடங்காக வேண்டும். சீனக்குடாக்காரர் எண்களைத் தரட்டும்.

புல்மோட்டை: கடற்கரைக் கருமணல் ஒட்டுமா?

சில துகள்கள் ஒட்டும். அவை பெரும்பாலும் மக்னற்றைற்று என்ற இரும்புக் கனிமம். அந்த மணலிலுள்ள இன்னொரு கனிமமான இல்மனைற்று வலுக்குறைந்த காந்தத்தன்மை உடையது. அதைப் பிரிக்க மிக வலிய காந்தம் வேண்டும். மணல் போல்ற்றிலேயே ஒட்டிக்கொள்ளாதிருக்க அதைப் பொலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள்.

நிலாவெளி: மோட்டார் சைக்கிள் பற்றரியில் இணைக்கலாமா?

வேண்டாம். 12 வோல்ற்றை 0.2 ஓமால் வகுத்தால் 60 அம்பியர். எனாமல் புகையும், கை வேகும்.

கந்தளாய்: லாட வடிவில் செய்தால்?

மிக நன்று, இரு முனைகளும் ஒரே இரும்பைப் பிடிக்கும். 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர் 200 கிராம் இரும்பை அப்படி வளைத்து நான்கு கிலோ தூக்கினார்.

மூதூரிலிருந்து இன்னொருவர்: என்னுடையது வேலை செய்யவில்லை.

மண்கடதாசி.

சீனக்குடா: கோப்பையில் அளந்தேன், ஐயா. 100 சுற்றில் 41 கிராம், 200 சுற்றில் 96.

2.34 மடங்கு. இரண்டாவது தடவைக்குள் பற்றரி சற்றே களைத்திருக்கும். புதியதைப் போட்டு முதலில் 200ஐ அளந்து பாருங்கள்.