கேட்கிறவரின் முகம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு மூன்று நிமிட உரையாடல் காட்சி ஒன்றை எடுத்துத் தொகுத்துத் தர வேண்டும். பழுதான டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம், கல்லூரியிலிருந்து நின்றுவிட்டதை மகன் சொல்கிறான். கதை அவ்வளவுதான். நண்பன் வீட்டில் ஒரே நாளில், கைபேசியில் அறுபது ஷாட் எடுத்தோம். எடிட்டிங்கில் எதுவும் ஒட்டவில்லை. கட் விழும் இடமெல்லாம் குதிக்கிறது, அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர் கை மாறிக்கொண்டே இருக்கிறது, ஒலி ஷாட்டுக்கு ஷாட் வேறாகக் கேட்கிறது. நல்ல எடிட்டர் கிடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். தொகுத்ததையும் தொகுக்காத துண்டுகளையும் ஸ்கிரிப்டையும் அனுப்பியிருக்கிறேன். மறுபடி எடுப்பதா, இருப்பதை வைத்துச் சமாளிப்பதா?

ஒரு மாணவர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்பியவற்றைப் பார்த்தேன். முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு தேர்ந்த எடிட்டர் உட்கார்ந்தாலும் இப்போதிருக்கும் துண்டுகளைக் கொண்டு இந்தக் காட்சியை உருவாக்க முடியாது. காரணம், அறுபது ஷாட்டிலும் உங்கள் கேமரா பேசுகிறவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறது. வசனம் மகனுடையது என்றால் மகன், அப்பாவுடையது என்றால் அப்பா, வாய் மூடிய மறுநொடி கட். இந்தக் காட்சியில் நடப்பதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்குள் நடக்கிறது. அவர் கேட்கும் முகமோ ஒரு துண்டில்கூட முழுதாக இல்லை.

இது படப்பிடிப்பில் நேர்ந்ததல்ல, ஷாட் டிவிஷன் (காட்சியை எந்தெந்த ஷாட்டுகளாக எடுப்பது என்ற திட்டம்) எழுதும்போதே நேர்ந்துவிட்டது. வசனத்தின் வரிசைப்படி ஷாட் பிரித்திருக்கிறீர்கள். அதற்கு முன்னால் முடிவு செய்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அப்பாவுக்கு விஷயம் எந்த வரியில் புரிகிறது? உங்கள் ஸ்கிரிப்டில் மகன் முதலில் கீழே விழுந்த திருகாணியைத் தேடித் தருகிறான், பிறகு "இந்தத் தடவை ஃபீஸ் கட்ட வேணாம்ப்பா" என்கிறான், அதன் பிறகே கல்லூரிக்குப் போவதில்லை என்பதைச் சொல்கிறான். நீங்கள் மூன்றாவது இடத்தில் அப்பாவின் க்ளோஸ்-அப்புக்குப் போகிறீர்கள். என் கணிப்பில் அவருக்கு ஃபீஸ் பேச்சிலேயே புரிந்துவிட்டது. அதுவரை இருவரையும் ஒரே ஃப்ரேமில், சற்றுத் தள்ளி நின்று, வெட்டாமல் பார்த்திருந்து, அந்த வரியில் முதல் கட்டாக அப்பாவுக்கு நெருங்கிப் போனால், அடுத்து வரும் அறிவிப்பு மகனின் குரலாக மட்டும் அவர் முகத்தின் மேல் விழும். மகன் வாயசைப்பதைக் காட்டவே வேண்டாம்.

ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்ததில் மாறிப்போகும், உங்களை வாட்டும் கன்டினியூட்டிச் சிக்கலில் பாதி இதனால் தானாகத் தீரும். ஒருவர் குரலை மற்றவர் முகத்தின் மேல் ஓடவிட்டால் கட் எங்கே விழுந்தது என்று பார்வையாளர் கவனிக்கமாட்டார்; ஸ்க்ரூ டிரைவர் வலக்கையில் இருந்ததா இடக்கையில் இருந்ததா என்ற கேள்வியும் முகம் மட்டும் தெரியும் ஷாட்டில் எழாது. ஒலியையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்டுவதுதான் முதல் முறை தொகுப்பவர்கள் எல்லோரிடமும் காணும் பழக்கம். டைம்லைனில் ஒலியை அரை நொடி முன்னே தள்ளியோ பின்னே நீட்டியோ பாருங்கள். தொகுக்காத துண்டுகளில் ஒன்றில், யாரோ 'கட்' சொல்ல வாயெடுக்கும் நேரத்தில், அப்பாவாக நடித்தவர் ஸ்க்ரூ டிரைவரை மெல்லத் தரையில் வைக்கிறார். அன்று எடுத்தவற்றில் மிக நல்ல கணம் அதுதான், பாதியிலேயே அறுந்துவிட்டது. வசனம் முடிந்தபின் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுக் கட் சொல்லுங்கள்.

மாஸ்கோவில் 1919இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் நடத்திய பயிலரங்கு நினைவுக்கு வருகிறது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் படச்சுருள் கிடைக்காததால், அவருடைய மாணவர்கள் 'படச்சுருள் இல்லாத படங்கள்' என்று மேடையில் காட்சிகளை நடித்துக் காட்டிப் பயின்றார்கள். பின்னாளில் பெரும் இயக்குநரான புதோவ்கின் அந்தப் பயிலரங்கில் பயின்றவர். வறுமையால் வந்த முறைதான், ஆனாலும் மெமரி கார்டு மலிந்துபோன நமக்கும் அது பயன்படும். நடிகர்கள் இருவரையும் கேமரா இல்லாமல் காட்சியை முழுதாக நடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் அறையில் எங்கே நிற்கத் தோன்றுகிறது, யாரைப் பார்க்கத் தோன்றுகிறது என்று கவனித்தால் ஷாட் டிவிஷன் ஏறக்குறைய கிடைத்துவிடும். அறுபது ஷாட் தேவைப்படாது. பத்துக்குள் அடங்கும் காட்சி இது.

மற்றவை எளிய விஷயங்கள். கட் குதிப்பதற்குக் காரணம், ஒரே அளவிலான ஷாட்டுகளைச் சற்றே நகர்ந்து நின்று எடுத்திருப்பது. கோணம் முப்பது பாகையாவது மாற வேண்டும், அல்லது அளவு தெளிவாக மாற வேண்டும். சமையலறைப் பக்கமிருந்து எடுத்த சஜஷன் ஷாட்டுகளில் (ஒருவர் தோளுக்குப் பின்னிருந்து மற்றவரைக் காட்டுபவை) லுக், அதாவது பார்க்கும் திசை, தப்பிவிட்டது: இருவரையும் இணைக்கும் கோட்டைத் தாண்டி நீங்கள் மறுபக்கம் போய்விட்டதால், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரிகிறார்கள். அவற்றை எடுத்துவிடுங்கள். ட்யூப் லைட் துடிப்பதற்கு ஷட்டர் வேகம் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்று வைத்து, எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானாக மாறாதபடி பூட்டிவிட வேண்டும். ஒலி ஷாட்டுக்கு ஷாட் மாறுவதற்குக் காரணம், சில டேக்குகளில் மேலே சீலிங் ஃபேன் ஓடுகிறது, சிலவற்றில் இல்லை. வெயிலுக்கு அஞ்சி யாரோ இடையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு பிற்பகல் பேட்ச் வொர்க் (விட்டுப்போன ஷாட்டுகளை மட்டும் எடுப்பது) போதும். முதல் நாள் சன்னலில் வெளிச்சம் எப்படி இருந்ததோ அதே நேரத்துக்குப் போய், அதே சட்டையில் அப்பாவை உட்காரவைத்து, காட்சியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வெட்டாமல் அவர் முகத்தில் மட்டும் எடுங்கள். மகனாக நடித்தவர் கேமராவுக்குப் பக்கத்தில், கோட்டின் அதே பக்கத்தில் நின்று எல்லா வசனத்தையும் நிஜமாகவே சொல்ல வேண்டும். வேறு யாராவது தாளைப் பார்த்துப் படித்தால் அந்த முகத்தில் எதுவும் வராது. அடுத்து, கைகளையும் திருகாணிகளையும் தனியே நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் எல்லோரும் பேசாமல் நின்று அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதிவு செய்துகொண்டால், ஃபேன் ஓடாத டேக்குகளுக்கு இடையிலான இடைவெளிகளை அதை வைத்து நிரப்பலாம். ஃபேன் ஓடும் டேக்குகளின் வசனத்தை டப் செய்துகொள்ளுங்கள்.

கடைசியில் அப்பா சொல்லும் அந்த நீண்ட அறிவுரை வசனத்தை மட்டும் அன்று மறுபடி எடுக்க வேண்டாம். புது முகத்துண்டைச் சேர்த்தபின் அது இல்லாமலே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் காட்சி இப்போது நாலு நிமிடத்தை நெருங்குகிறது, கல்லூரி கேட்டிருப்பது மூன்று.